அத்தானுக்கு எடுத்துவைத்த வைன்

விருந்துக்கு வைன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் குழிக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்ப்பார்கள். குழி ஆழமாக இருந்தால் வைன் உசத்தி என்று எவனோ எங்கோ சொல்லிவைத்திருக்கிறான். இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நகக்கண்ணில் அழுக்கு, மோதிரத்தைச் சுற்றிப் பிதுங்கிய சதை, சில சமயம் அப்போதுதான் மூக்கைத் தொட்ட ஈரம். நான் சிரித்துக்கொண்டே, "நல்லா பாக்குறீங்க சார்" என்று சொல்லி, பாட்டிலை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவர்களுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக் கொடுப்பேன். என் வேலை அதுதான்.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு அவசரம் இல்லை.

கடையில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மூக்கு என்பார்கள். முதலாளியம்மாவே, "மூக்கு எங்கப்பா, மூக்கைக் கூப்பிடு" என்பார். கிண்டல் இல்லை, மரியாதைதான். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் எந்தத் திராட்சை, எத்தனை வருடம், வெயிலில் வைத்துக் கெடுத்தார்களா என்று சொல்லிவிடுவேன்.

வருடக் கடைசி இரண்டு மாதம் கடையில் நிற்க இடம் இருக்காது. மேலதிகாரிக்குப் பரிசு, சம்பந்திக்குப் பரிசு, ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் பரிசு. போன வருடம் ஒருவர் வந்து, "விலை கம்மியா இருக்கணும், பாத்தா பெரிய விலைன்னு தெரியணும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "என் மாமனாருக்கு. அவருக்கு ஒண்ணும் தெரியாது, கூடவே அவர் தம்பி வருவார், அவருக்கு எல்லாம் தெரியும்" என்றார். தம்பிக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றை எடுத்து, மாமனாருக்குப் பிடிக்கிற மாதிரி பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை நசநசவென்று இருந்தது. அவர் போனதும் கையைக் கழுவினேன்.

எனக்கு வைன் பிடிக்கும். அதைக் குடிக்கிறவர்களைத்தான் பிடிக்காது. விளிம்பில் ஒட்டிய உதட்டுச் சாயம், மிதக்கும் உணவுத் துணுக்கு, குடித்தபின் வருகிற அந்தப் புளித்த மூச்சு. ருசி பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு வாளி இருக்கிறது. வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் நான் விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் ஒரு சொம்பு தேறாது. துப்பத் தெரிந்தவன் மனிதன். விழுங்குகிறவன் வேறு எதுவோ. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை.

என் அக்காவின் கணவர் விழுங்குகிறவர்.

எங்கள் அம்மா அப்பா போனபோது எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பத்தொன்பது. அவள்தான் என்னை வளர்த்தாள். பிறகு அத்தான் வந்தார். லாரிகளுக்கு மெத்தை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். முதல் சில வருடம் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு ஒன்பது வருடம் குடித்தார். சனிக்கிழமை மதியம் தொடங்கினால் மாலைக்குள் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வரும். "தம்பி, கொஞ்சம் வாடா." அவ்வளவுதான் சொல்வாள். நான் போவேன். குளியலறைத் தரையில் கிடப்பார். சட்டையைக் கழற்றி, வாயைத் துடைத்து, தூக்கி உட்காரவைத்து, தரையைக் கழுவுவேன். அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பாள். முடிந்ததும் எனக்கு டீ போட்டுக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, என் தலையைத் தடவுவாள். கல்யாணமாகாத முப்பத்தைந்து வயது ஆம்பளையின் தலையை.

அந்த ஒன்பது வருடத்தில் அத்தானைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. அவர் கையில் கிடைத்த எதையும் குடிப்பார். ஆனால் கையில் காசு இருக்கிற நாளில் ஒரே ஒரு வகைச் சிவப்பு வைனைத்தான் தேடிப் போவார். கறுப்பு உலர்திராட்சையும் மிளகும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசம், அடியில் கொஞ்சம் இனிப்பு. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தரையைத் துடைத்தவன் நான். வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்ததிலும் அந்த வாசம் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் ருசியை அறிந்துகொள்ள அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது உடம்பில் இருக்கும்போது மது பட்டால் உடம்பு கொந்தளித்துவிடும், அந்தப் பயத்திலேயே குடிக்க மாட்டார்கள் என்றார். அத்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்ட அன்றே குடித்தார். முகம் செங்கல் நிறமாகி, மூச்சு வாங்கி, கண்கள் மேலே செருகின. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவை தப்பிச்சிட்டார். இதயம் பலவீனமா இருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது" என்றார். அத்தான் மயக்கத்தில் இருந்தார். அக்காவிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையையும் அதோடு நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், அத்தான் குடியை விட்டார். அவருடைய மகள், என் அக்கா மகள், பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு 'அப்பா செத்துட்டார்' என்று சொல்லியிருக்கிறாள். அது அவர் காதுக்கு வந்தது. மறுநாள் ஒரு பள்ளி மண்டபத்தில் கூடுகிற, குடியை விட்டவர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். அதன்பின் தொடவில்லை.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். ஆனால் குடிக்காத அத்தான் எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று ஆரஞ்சுச் சுளைகளைச் சப்பிச் சப்பிச் சக்கையைத் தட்டில் துப்புவார். மீசையில் சாறு வழியும். யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிப்பார், அக்குள் வேர்வையோடு. குடிக்கிற நாட்களில் என்னை 'டேய்' என்றவர், இப்போது 'நீங்க' என்றார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "என் மச்சான். என் வாந்தியை அள்ளினவர். தெய்வம்" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கை அப்படியே நின்றுவிடும். அவர் கண் கலங்குவார்.

அக்கா இளைத்திருந்தவள் உடம்பு தேறினாள். இருவரும் மாலையில் நடக்கப் போனார்கள். சனிக்கிழமைகளில் எனக்குப் போன் வருவது நின்றது. நானாகக் கூப்பிட்டால், "வெளியில இருக்கோம்டா, அப்புறம் பேசறேன்" என்பாள். நான் போனால் டீ வரும், தட்டில் பிஸ்கட்டும் வரும். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி.

நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தார். வருடக் கடைசி விடுமுறையில் மாப்பிள்ளை வீட்டார் மதிய விருந்துக்கு வருகிறார்கள் என்று ஏற்பாடு. அவர்கள் வைன் குடிக்கிற குடும்பம். அக்கா வேண்டாம் என்றாள். அத்தான்தான் பிடிவாதம் பிடித்தார்.

"எனக்காக அவங்க ஏன் தண்ணியைக் குடிச்சுட்டுப் போகணும்? மச்சான் இருக்கும்போது நமக்கு என்ன கவலை. மச்சான், நீங்களே பாத்து எடுங்க. எனக்கு மட்டும் அந்தச் சரக்கு இல்லாத வைன்னு ஒண்ணு வருதாமே, அது ஒரு பாட்டில். எல்லாரும் கிளாஸைத் தூக்கும்போது நானும் தூக்கணும். என் பொண்ணுக்காக."

நான் இரண்டு நாள் யோசித்துத் தேர்ந்தேன். விருந்துக்கு எடுக்கும்போது வைனைப் பற்றி யோசிப்பவன் கத்துக்குட்டி. ஆட்களைப் பற்றி யோசிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பேசப் பிடிக்கும் என்றார்கள், அதனால் கதை உள்ள பாட்டில் ஒன்று. அம்மா சர்க்கரை நோயாளி, அவருக்கு உலர்ந்த வெள்ளை. வறுத்த இறைச்சிக்குத் தாங்குகிற சிவப்பு ஒன்று. வந்ததும் கையில் கொடுக்க நுரைக்கிறது ஒன்று, ஏனென்றால் முதல் பத்து நிமிடம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது, நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். வாசலில் கொடுத்தனுப்ப ஒரு பரிசுப் பெட்டி. எல்லாம் கச்சிதம்.

பிறகு அத்தானுக்கு உரியதைத் திறந்து ருசி பார்த்தேன். ஆல்கஹாலை எடுத்துவிட்ட அந்த வைன், திராட்சையை வேகவைத்து வடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. சளி மருந்து மாதிரி ஒரு வழவழப்பு. துப்பிய பின்னும் வாயில் நின்றது. என் கையால் ஒரு மனிதருக்கு அதைக் கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அவருக்கு எது பிடிக்குமோ அதை அந்தப் பாட்டிலில் நிரப்பினேன். புதுக் கார்க்கை அழுத்தி, கழுத்துக்கு உறை மாட்டி, சுடுகாற்றுக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். கடையில் தினம் செய்கிற வேலை. லேபிளில் பூஜ்யம் சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருந்தது.

விருந்தில் அத்தான் எழுந்து நின்று பேசினார். மகளைப் பற்றி இரண்டு வார்த்தை, என்னைப் பற்றி நாலு வார்த்தை. கிளாஸைத் தூக்கிக் குடித்தார். குடித்தவர் நின்றார். கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருடம் குடித்த நாக்கு.

உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார். "மச்சான், இதுல ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல அத்தான். பாட்டில்லயே போட்டிருக்கு பாருங்க" என்று லேபிளைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் லேபிளை வாசித்தார். உதடு அசைய, குழந்தை வாசிக்கிற மாதிரி. பிறகு முகம் மலர்ந்தது. "நம்பவே முடியல. எவ்வளவு முன்னேறிட்டாங்க" என்றார். மூன்று கிளாஸ் குடித்தார். சத்தமாகச் சிரித்தார். மேசை விரிப்பில் சிந்தினார். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒரு துணியை எடுத்து அந்தக் கறைமேல் போட்டேன். ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது, எனக்குத் தெரிந்த மனிதர் திரும்பி வந்த மாதிரி.

அது ஒரு தடவையோடு முடிந்திருக்கலாம். அவர்தான், "அந்த மாதிரி இன்னும் ரெண்டு கிடைக்குமா மச்சான்" என்று கேட்டார். பண்டிகைக் காலம், பரிசு கொடுக்கிற காலம். வாரம் இரண்டு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல தாளில் சுற்றி, நாடா கட்டி, 'அன்புள்ள அத்தானுக்கு' என்று அட்டை எழுதி. அக்காவே தினமும் மதியச் சாப்பாட்டோடு அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தாள். குரல் பழைய குரலாக இருந்தது. "தம்பி, அவர் மேல வாடை வருதுடா."

"சரக்கை எடுத்தாலும் வாசம் போகாது அக்கா. அது அப்படித்தான்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள். ஆனால் சந்தேகம் போகவில்லை. என் பாட்டில்மேல் இல்லை. அவர்மேல். வெளியில் போய்க் குடித்துவிட்டு வருகிறார் என்று நினைத்தாள். பட்டறையில் அலமாரி அலமாரியாகத் தேடினாள். அவர் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பதினோரு மணிக்கே மதியச் சாப்பாட்டைக் கேட்டார். ஒருநாள் குளியலறையில் விழுந்துகிடந்தார். "தம்பி, கொஞ்சம் வாடா" என்று அக்கா கூப்பிட்டாள்.

போனேன். சட்டையைக் கழற்றினேன். வாயைத் துடைத்தேன். நான் தேர்ந்தெடுத்த வைன், அதே மிளகு, அதே புகை, பித்தத்தோடு தரையில் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளினேன். அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் தொடல மச்சான். என் பொண்ணு மேல ஆணை. நான் தொடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்கிலிருந்து வழிந்தது என் பேண்ட்டில் பட்டது. அக்கா வாசலில் நின்று, "செத்துத் தொலைங்க, எங்களை விட்டுடுங்க" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களிடம் சொன்னது இதைத்தான். முடிந்ததும் எனக்கு டீ போட்டாள். பிஸ்கட் வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அத்தான் கடைக்கு வந்தார். துண்டில் சுற்றிய பாதிப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். முகம் சவரம் செய்யாமல், கண்ணோரத்தில் பீளை.

"மச்சான், நீங்க ஒரு வாய் வெச்சுப் பாருங்க. எனக்கு என் நாக்கு மேல நம்பிக்கை போயிடுச்சு. இதுல சரக்கு இருக்குன்னு நாக்கு சொல்லுது. நீங்க கொடுத்தது. அதுல எப்படி இருக்கும். ஆனா சொல்லுது."

கிளாஸ் எடுத்து ஊற்றினேன். முகர்ந்தேன். வாயில் வைத்து உருட்டினேன். வாளியில் துப்பினேன். வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு நான் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"ஒண்ணும் இல்ல அத்தான். உங்க மனசுதான்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு. வெளிய போய்க் குடிச்சுட்டு, குடிச்சது ஞாபகம் இல்லாம வீட்டுக்கு வர்றேன் போல இருக்கு" என்றார். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தவராக நிமிர்ந்தார். "டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துட்டேன் மச்சான். வேற டாக்டர். அந்தப் பழைய மாத்திரையைக் கேட்டு வாங்கிட்டேன். நாளையிலருந்து போடப் போறேன். அது உள்ள இருந்தா நான் எங்க போயும் குடிக்க முடியாது பாருங்க. உங்க அக்காகிட்ட சொல்லல. ஒரு மாசம் ஒழுங்கா இருந்து காட்டிட்டுச் சொல்லிக்கலாம்."

"நல்ல முடிவு அத்தான்" என்றேன்.

எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "சாப்பாட்டோட குடிக்க இது மட்டும் இருக்கட்டும். இதுல ஒண்ணும் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. முந்தின நாள் நிரப்பி வைத்திருந்தேன். கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களை நிற்கவைக்கிற மாதிரி அவரை நிற்கவைத்து, அவசரப்படாமல் தாளை மடித்து, ஓரத்தைச் சீவி, நாடாவை முடிச்சுப் போட்டு, கத்தரி விளிம்பால் இழுத்துச் சுருள விட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகத்தில் இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். வேறு பாட்டில் எடுத்துக் கொடுத்திருக்கலாம், உண்மையிலேயே ஒன்றும் இல்லாத பாட்டில்கள் ஐந்து, அலமாரியிலேயே இருந்தன. நான் இதைக் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். சட்டையில் அவர் வாடை ஒட்டிக்கொண்டது. கடையில் இருந்த வேறு சட்டையை மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை மாத்திரை. மதியம் அக்கா நாடாவை அவிழ்த்து, திறந்து, ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அரைக் கிளாஸ். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

நீங்கள் பாட்டிலைச் சோதித்தீர்கள். எங்கே கிடைத்தது என்று அக்காவைக் கேட்டிருக்கிறீர்கள். "என் தம்பி கொடுத்தான். அவன் கொடுத்ததுல தப்பு இருக்காது" என்று சொன்னாளாம். அன்று மாலை உங்களில் ஒருவர் கடைக்குப் போன் செய்து என்னிடம் கேட்டார். எங்கள் கடைப் பாட்டில்தான், ஆல்கஹால் இல்லாதது, நான் கொடுக்கும்போது மூடி பிரிக்காமல் இருந்தது என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில். அதை வைத்துத்தான் அவள் மாற்றி ஊற்றியிருப்பாள் என்று முடிவுக்கு வந்து அவளை உள்ளே வைத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதும் ஒத்துப்போயிற்று. உங்கள்மேல் குறை சொல்ல மாட்டேன்.

அவள் செய்யவில்லை. நான்தான் செய்தேன். விருந்தன்று செய்ததும் நான், அதற்குப் பின் நிரப்பிய பதினொரு பாட்டிலும் நான், கடைசிப் பாட்டிலை எல்லாம் தெரிந்தே கட்டிக் கொடுத்ததும் நான். ஒன்பது வருடம் அவளைச் சித்திரவதை செய்த மனிதரிடமிருந்து அவளை விடுவித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் நாலு வருடம் முன்பே போய்விட்டார், நான் கொன்றது வேறு ஒருவரை என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். என் மூக்குக்கு இரண்டு பேரும் ஒரே வாடைதான்.

அக்கா உள்ளே இருப்பது தெரிந்தும் முதல் நாளே ஏன் வரவில்லை, மூன்று நாள் எதற்குக் காத்திருந்தாய் என்று கேட்டீர்கள். அவளுக்குப் போன் பேச அனுமதி கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். மகளைக் கூப்பிட்டாளாம். பிறகு வக்கீலை. நான் மூன்று நாளும் கடைக்குப் போகவில்லை. போனைச் சார்ஜில் மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தாள் என்றால், அந்த நிமிடமே ஓடி வந்திருப்பேன், ஐயா.